வேலை ஒருவருக்கு, வீடு இருவருக்கும்

(கடையநல்லூர் வட்டாரத் தம்பதியர் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற சமுதாய சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கூட்டம் தொடங்குமுன் வாசலில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "யக்கா, கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்கவளக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்த முடியுமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை. அந்தத் தங்கை ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் வேலைப் பை.

"இருந்து கேட்டுட்டுப் போங்க தம்பி, மேடையில பதில் சொல்லுதேன்" என்றேன். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டில் அரசாங்க வேலை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மின்வாரியமோ, பஸ் கண்டக்டரோ, போலீசோ, பள்ளிக்கூடமோ, எதுவானாலும் நான் சொல்வது பொருந்தும்.

பத்து மணி வேலையா?

அரசாங்க வேலை என்றதும் நம் ஊரில் என்ன நினைக்கிறோம்? பத்து மணிக்குப் போய், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஐந்து மணிக்குத் திரும்புவது. ஒன்றாம் தேதி ஆனால் சம்பளம். பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் அந்தச் சம்பளத்தைப் பார்க்கிறோம். அந்த வேலை எவ்வளவு நேரத்தைக் கேட்கும் என்று யாரும் விசாரிப்பதில்லை.

ஒரு கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஏறத்தாழ 5,000 பேர் பொறுப்பு. மலைப்பகுதியானால் 3,000 பேர். யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் பதிய வேண்டும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை. புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. மற்ற நாட்களில் வீடு வீடாகப் போக வேண்டும். பிரசவமான தாயைப் பார்க்க வேண்டும், எடை குறைந்த பிள்ளையைப் பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். இப்போது கணினியிலும் ஏற்ற வேண்டும். போலியோ சொட்டு மருந்து என்றாலும், காய்ச்சல் பரவுகிறது என்றாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். ராத்திரி எத்தனை மணியானாலும், "சிஸ்டர், மகளுக்கு இடுப்பு வலிக்குதுங்கா" என்று வரும் அழைப்பை அவர் எடுக்காமல் இருக்க முடியாது.

இத்தனையும் முடித்து வீட்டுக்கு வந்தால் அடுப்பு காத்திருக்கிறது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. அப்போது வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்த ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அவர்கள் வீட்டு வேலை பக்கமே போகவில்லை. 299 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். எட்டு மணி நேர உத்தியோகத்துக்கு மேலே இன்னும் ஐந்து மணி நேரம் என்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

என் வீட்டுக் கதை

ஊருக்கு உபதேசம் செய்ய வரவில்லை. என் வீட்டில் நடந்ததையே சொல்லுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1988இல். என் வீட்டுக்காரர் நெசவாளி. இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தறி வீட்டு நிலைமை தெரியும். தறியில் உட்காருவது ஆண் என்றாலும், வேலை ஒருவரோடு முடியாது. ராட்டையில் தார் சுற்றிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவு போடக் கை வேண்டும். அது பெண்டாட்டி செய்யும் வேலை; அதற்குக் கூலி கிடையாது. நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் தறி பாதி நாள் நின்றது.

என் மாமியார் கெட்டவர் அல்ல. ஆனாலும் தெருவில் நாலு பேர் சொன்னதைக் கேட்டு வந்து, "ஏளா, என் மகன் பொண்டாட்டி சம்பளத்துல சாப்பிடுதான்னு ஊரே பேசுது" என்பார். இவருக்கு அது முள்ளாகக் குத்தும். என் சம்பளம் நிச்சயம். அவருடைய கூலி நூல் விலையைப் பொறுத்தது. அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைப்பார்.

1990இல் ஓர் இரவு. மூத்த பிள்ளைக்கு ஒன்றரை வயது. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் ஆள் வந்து நிற்கிறார், தலைப்பிரசவம் என்று. அந்தக் காலத்தில் 108 ஊர்தி கிடையாது. அது தமிழ்நாட்டுக்கு வந்தது 2008இல்தான். பல பிரசவங்கள் வீட்டிலேயே நடந்த காலம். நான் பையை எடுத்தேன். இவர் வாசலை மறித்து நின்று, "இன்னைக்குப் போனா இனி இந்த வேலை வேண்டாம்" என்றார்.

நான் போனேன். விடியும்போது தாயும் சேயும் நலம் என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்தால் பிள்ளை தறிக்குப் பக்கத்தில் தூளியில் தூங்குகிறது. காய்ச்சல் தணிந்திருந்தது. இவர் ராத்திரி முழுக்க ஈரத்துணி வைத்துத் துடைத்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மனிதருக்குப் பிள்ளையைப் பார்க்கத் தெரியும். யாரும் அதுவரை அவரிடம் அதைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன், அவர் பாட்டுக்குப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்திரம்தான் முதல் தடவையாக உட்கார்ந்து பேசினோம். இரண்டு தீர்மானம் எடுத்தோம். ஒன்று, தார் சுற்ற ஓர் ஆளுக்குக் கூலி கொடுப்பது. அது என் சம்பளத்திலிருந்து. தறி நிற்கக் கூடாது, அவருடைய தொழிலும் தொழில்தான். இரண்டு, பகலில் பிள்ளை அவர் பொறுப்பு, தறிக்குப் பக்கத்திலேயே தூளி. ராத்திரி பிள்ளை என் பொறுப்பு. நான் பிரசவத்துக்குப் போனால் அன்று மட்டும் அவர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வரும் வாரத்தில் எனக்கு எங்கே எந்த நாள் வேலை என்று காலண்டரில் எழுதிவிடுவேன். அவருக்கு எந்த நாள் பாவு ஏற்ற வேண்டும் என்று அவர் சொல்வார். ஊர் பேச்சு நிற்கவில்லை. ஆனால் தட்டைத் தள்ளி வைப்பது நின்றது.

இரண்டாவது பிள்ளை மூன்று வருஷம் கழித்துத்தான். அதையும் பேசித்தான் முடிவு செய்தோம்.

2012இல் கற்ற பாடம்

இதோடு முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் நாங்கள் தவறியதையும் சொல்ல வேண்டும்.

2012ஆம் ஆண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நாம் திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019இல். அந்த ஆண்டு டெங்குக் காய்ச்சல் கடையநல்லூரைப் பிடித்து ஆட்டியது. உயிர்களும் போயின. வெளியூர்களிலிருந்தும் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டுவந்து தெருத் தெருவாக இறக்கினார்கள். காலையில் போனால் இரவுதான் வீடு. லீவு என்ற பேச்சே கிடையாது.

வீடு வீடாகப் போய்த் தொட்டி, குடம், ஆட்டுரல், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் பார்த்தோம். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் பிடித்துத் தொட்டியில் சேர்த்து வைக்கிற ஊர் இது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடாது, நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு தடவை தொட்டியைக் காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்க்காவிட்டால் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். இதை ஒரு நாளைக்கு ஐம்பது வாசலில் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாளோ பதிமூன்றாம் நாளோ, ராத்திரி வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். முகம் வெளிறிப் போயிருக்கிறது. "என்ன செய்யுது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நாலு நாளாக் காய்ச்சல். இன்னைக்கு விட்டுட்டு. வயிறுதான் வலிக்கு."

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மிகுந்த சோர்வு இவையெல்லாம் அபாய அறிகுறிகள். இதையும் நான் ஐம்பது வாசலில் சொன்னவள். அந்த ராத்திரியே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஒரு வாரம் படுக்கை. நல்ல வேளை, பிழைத்து எழுந்தார்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "நாலு நாளா ஏன் சொல்லல?"

"நீ செத்துப்போய் வாற. உன்கிட்டப் போயி இதையும் எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

அன்பினால்தான் மறைத்தார். மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பின்கட்டுத் தொட்டியைப் பார்த்தேன். புழு நெளிந்தது. ஊர்த் தொட்டியை எல்லாம் எட்டிப் பார்த்த எனக்கு என் வீட்டுத் தொட்டியைப் பார்க்க நேரமில்லை. அவருக்கோ அது பெண்கள் வேலை என்ற நினைப்பு. இரண்டு பேரில் யாருக்கும் அது பொறுப்பாக இல்லை.

பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனதும், ஞாயிற்றுக்கிழமை காலண்டர் பேச்சை நாங்கள் விட்டுவிட்டோம். இனி எதற்கு என்று நினைத்தோம். அந்த நினைப்புக்குக் கொடுத்த விலைதான் அது. அன்றிலிருந்து இன்றுவரை வெள்ளிக்கிழமை தோறும் தொட்டி தேய்ப்பது அவர் வேலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். தெருவில் இரண்டு ஆண்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அவர்களும் தேய்க்கிறார்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். உத்தியோகத்தின் சுமை மட்டும் குடும்பத்தைக் கெடுப்பதில்லை. அந்தச் சுமையை ஒருவர் தனியாகத் தூக்குவதும், மற்றவர் தனியாகப் பொறுப்பதும், இரண்டு பேரும் வாய் திறக்காமல் இருப்பதும்தான் கெடுக்கிறது. கோபத்தால் பேசாமல் இருந்தாலும் சரி, அன்பால் பேசாமல் இருந்தாலும் சரி, கேடு ஒன்றுதான்.

உத்தியோகம் புருஷனுக்கு என்றால்?

வேலைக்குப் போவது புருஷனாக இருந்தாலும் இதே கதைதான். புயல் மழையில் கம்பத்தில் ஏறுகிற மின்வாரியத் தொழிலாளி, விடியற்காலை முதல் பஸ்ஸை எடுக்கிற டிரைவர், திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் ஊர் ஊராகப் போகிற காவலர் இவர்கள் வீட்டில், மனைவி பிள்ளைக்குத் தகப்பனாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. குற்றாலத்தில் சீசன் என்றால் ஊரே குளிக்கப் போகும். பந்தோபஸ்துக்குப் போன போலீஸ்காரர் பிள்ளைகள் அப்பா எப்போது வருவார் என்று வாசலைப் பார்க்கும். நம் மாநிலத்தில் காவலர்களுக்கு வார ஓய்வு என்று 2021இல்தான் அரசாணை வந்தது. அந்த ஓய்வு நாளை நண்பர்களுக்கும் டீக்கடைக்கும் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? அரை நாளாவது பிள்ளைகளோடு இருங்கள்.

வீட்டில் இருக்கிற தங்கைமார்களுக்கும் ஒரு வார்த்தை. களைத்து வருகிற மனிதர் செருப்பைக் கழற்றுமுன் குறைகளை அடுக்காதீர்கள். அதற்காகச் சொல்லாமலும் விடாதீர்கள். சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள். கேட்கிறவரும் "நான் படுத பாடு உனக்குத் தெரியுமா" என்று ஆரம்பிக்காமல் முழுக்கக் கேளுங்கள்.

பிள்ளைப்பேறும் உத்தியோகமும்

பிள்ளை எப்போது, எத்தனை என்பதைப் பேசாமல் வேறு எதைப் பேசினாலும் பயனில்லை. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அடுத்தடுத்துப் பிரசவம் என்றால் உடம்பும் தாங்காது, வேலையும் தாங்காது, பிறந்த பிள்ளைக்கும் பால் போதாது. ஒரு பிள்ளைக்கும் அடுத்ததற்கும் மூன்று வருஷ இடைவெளி இருக்கட்டும்.

அதற்கு வழிகள் பல இருக்கின்றன. பிரசவமான இரண்டு நாளுக்குள்ளோ, ஆறு வாரம் கழித்தோ காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். ஐந்து வருஷம் பயன்படுவதும் உண்டு, பத்து வருஷம் பயன்படுவதும் உண்டு, வேண்டும்போது எடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இருக்கிறது. சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஆண்களுக்கு ஆணுறை. எது யாருக்கு ஒத்துவரும் என்று மருத்துவரோ செவிலியரோ பார்த்துச் சொல்வார்கள். அரசு சுகாதார நிலையங்களில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. கட்டாயமும் இல்லை.

போதும் என்று முடிவு செய்தவர்கள் வீட்டில் எப்போதும் பெண்தான் கருத்தடை அறுவைக்குப் போகிறாள். தமிழ்நாட்டில் ஆண் கருத்தடை செய்துகொண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கத்தியும் தையலும் இல்லாமல், சில நிமிடங்களில் முடிகிற சிகிச்சை அது. அன்றே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் ஓய்வு, கடினமான வேலை ஒரு வாரம் கழித்து. மூன்று மாதம் வரை ஆணுறை பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆண்மை குறையாது, பலம் குறையாது, தறி நெய்யவும் மண்வெட்டி பிடிக்கவும் ஒரு தடையும் இல்லை. உழைத்துக் களைத்த மனைவிக்குப் புருஷன் செய்யக்கூடிய உதவிகளில் இதுவும் ஒன்று.

அரசு வேலையில் இருக்கும் தங்கைமார்கள் தங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். என் காலத்தில் மகப்பேறு விடுப்பு 90 நாள். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு அழுதுகொண்டு வேலைக்குப் போனோம். 2011இல் அது ஆறு மாதமானது, 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம். இந்த ஒரு வருஷத்தை, "அதான் வீட்டுல சும்மா இருக்காளே" என்று எல்லா வேலையையும் அவள் தலையில் கட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். பிள்ளையைக் குளிப்பாட்டவும் தூங்கவைக்கவும் தகப்பன் பழகிக்கொள்ள வேண்டிய வருஷம் அது. விடுப்பு முடிந்து அவள் கிளம்பும் நாளில், பிள்ளை தகப்பன் கையில் அழாமல் இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை

1. வாரம் ஒரு நாள், கால் மணி நேரம், இருவரும் உட்கார்ந்து வரும் வாரத்து வேலையைப் பேசுங்கள். காலண்டரில் எழுதுங்கள். பிள்ளைகள் பெரிதான பிறகும் இதை விடாதீர்கள்.

2. வீட்டு வேலையைப் பங்கிடுங்கள். "உதவி செய்கிறேன்" என்று சொல்லாமல், "இது என் வேலை" என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி தேய்ப்பதை ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

3. யார் சம்பாதித்தாலும் வரவும் செலவும் இருவருக்கும் தெரிய வேண்டும். கூலி குறைவாக வாங்குகிறவரின் தொழிலை இளக்காரமாகப் பேசாதீர்கள்.

4. உடம்புக்கு ஒன்று என்றால் அன்றே சொல்லுங்கள். களைத்து வருகிறாரே என்று மறைக்காதீர்கள்.

5. அடுத்த பிள்ளையைப் பற்றிய முடிவு இருவருடையது. மாமியார், மாமனார் கருத்தைக் கேட்கலாம், முடிவு உங்களுடையது.

6. பெரியவர்களே! மருமகள் வேலைக்குப் போகும்போது பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறீர்கள். பெரிய உதவி அது. அதோடு, தெருவில் யாராவது உங்கள் மகனைக் கேலி பேசினால் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

வாசலில் கேட்ட தம்பிக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். நடத்த முடியும் தம்பி. அவளை மட்டும் நடத்தச் சொன்னால் முடியாது. நீங்களும் கூட நடத்தினால் முடியும். இன்றைக்குக் கூட்டம் முடிந்து போகும்போது அந்தப் பிள்ளையை நீங்கள் வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி, நீ பையை மட்டும் தூக்கிட்டு வா. பஸ் ஸ்டாண்டு வரை அப்படியே போங்கள். நாலு பேர் பார்க்கட்டும்.